ஊட்டின்னா ஏரி மட்டும் இல்ல பாஸ்!

'ஊட்டி போயிருக்கியா?'னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க? 'ஓ... ஸ்கூல் டூர்ல ஒரு தடவை, காலேஜ் ஐ.வி-ல ஒரு தடவை, மாமா கல்யாணம் முடிஞ்சு வேன் பிடிச்சுக் குடும்பத்தோட ஒரு தடவை'னு மூணு விரலை மடக்குவீங்க. சரி, என்ன பார்த்தீங்க? போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், தொட்டபெட்டா டெலஸ்கோப், வர்ற வழியில அரைக் கிலோ சாக்லேட். அவ்வளவுதானே? வெட்கப்படாதீங்க. போன மாசம் வரைக்கும் நானும் அதே கட்சிதான்!

என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்குச் சொந்த ஊர் நீலகிரி. ஒவ்வொரு லீவு முடிஞ்சு வரும்போதும் பையில ரெண்டு பாக்கெட் வர்க்கி கண்டிப்பா இருக்கும். ரூம் கதவைத் திறக்கிறதுக்குள்ள பாக்கெட் காலி. அதனால பய பேரே 'வர்க்கி' ஆயிடுச்சு. 'உனக்கென்னடா... குளுகுளு ஊரு, பால்கனியைத் திறந்தா டீ எஸ்டேட்டு, பணக்காரப் பய!'னு மூணு வருஷமா ஓட்டிட்டு இருந்தோம். அவனும் சிரிச்சுக்கிட்டே இருப்பான்.

'எங்கயாவது ஊர் சுத்திட்டு வந்து எழுது'னு ஆபீஸ்ல சொன்னதும், நேரா அவன்கிட்டதான் போனேன். வர்றேன்னான். ஆனா மூணு கண்டிஷன். ஒண்ணு, போட்டிங் கிடையாது. ரெண்டு, காசு குடுத்து குதிரை மேல உட்கார்ந்து போட்டோ எடுக்கக் கூடாது. மூணு, அவன் வீட்டுக்கு வரக் கூடாது. 'ஏன்டா?'ன்னேன். 'வீட்ல வேலை நடக்குது'ன்னான். சரி விடுன்னு கிளம்பியாச்சு. நீங்களும் கூட வாங்க!

பல்லு இருக்கிற ரயிலு!

காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்துல மலை ரயில். 46 கிலோமீட்டர் தூரத்துக்குக் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். 'இதுக்கு சைக்கிள்ல போயிடலாமே'னு நக்கலடிக்காதீங்க. 208 வளைவு, 250 பாலம், 16 குகை. அதையெல்லாம் சைக்கிள்ல போய்ட்டு வந்து சொல்லுங்க!

கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்புக்கு நடுவுல இது சாதாரண ரயில்தான். அதுக்கப்புறம்தான் விஷயமே. தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு வரிசை பல்லு வெச்ச இரும்புப் பட்டை வருது. இன்ஜினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விக்கிட்டு ஏறுது. ரெண்டு வரிசைப் பல்லும் ஒண்ணுக்கொண்ணு நேரா இல்லாம, கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். அதனால ஒரு பல்லு விடுபடும்போது இன்னொரு பல்லு பிடிச்சிருக்கும். பிடி விடவே விடாது. சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடிச்ச ஐடியா. 12 அடி முன்னாடி போனா ஒரு அடி மேல ஏறுற செங்குத்து. இந்தியாவுல இப்படிப் பல்சக்கரத்துல ஏறுற பயணிகள் ரயில் இது ஒண்ணுதான்.

இன்னொரு கூத்து... இன்ஜின் முன்னாடி நின்னு இழுக்கலை. பின்னாடி நின்னு தள்ளுது! சாதாரண சக்கரத்துக்கு ஒரு ஜோடி சிலிண்டர், அந்த நீராவியையே மறுபடி வாங்கி பல்சக்கரத்தைச் சுத்த இன்னொரு ஜோடி. ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் பிரேக்மேன் ஒருத்தர் கொடியோட நிக்கிறார். மெஷின் டிசைன் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிற எனக்கு, கியரைப் பார்த்துக் கண்ணு கலங்கினது அன்னிக்குத்தான். 1899-ல குன்னூர் வரைக்கும், 1908-ல ஊட்டி வரைக்கும் ரயில் வந்திருக்கு. 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சது. கால்குலேட்டர்கூட இல்லாத காலத்துல போட்ட டிராயிங்கு சாமி!

ஹில்குரோவ் ஸ்டேஷன்ல இன்ஜின் தண்ணி குடிக்கும். நாம டீ குடிக்கலாம். பிஸ்கெட்டைக் குரங்கு சாப்பிடும். என் கையில இருந்த பாக்கெட் எப்ப போச்சுன்னே தெரியலை.

ரெண்டு இலை, ஒரு மொட்டு

குன்னூர்ல இறங்கினதும் எல்லாரும் போற சிம்ஸ் பார்க்குக்கு நாங்களும் போனோம். 1874-ல ஆரம்பிச்ச பூங்கா. பள்ளத்தாக்கு எப்படிச் சரியுதோ அப்படியே படிப்படியா இறங்குது. வெளியூர் மரங்களோட இந்த மலையோட சோலை மரங்களும் இருக்கு. அரை மணி நேரம் போதும். மீதி நேரத்தை டீத் தோட்டத்துக்குக் குடுங்க.

தூரத்துல இருந்து பார்த்தா பச்சைக் கம்பளம்னு எல்லாரும் எழுதுவாங்க. கிட்டப் போனாதான் தெரியுது, ஒவ்வொரு செடிக்கும் நடுவுல ஓர் ஆள் ஒருக்களிச்சு நடக்கிற அளவுக்குத்தான் இடம். தேயிலை சும்மா விட்டா மரமாவே வளர்ந்துடும். கவாத்து பண்ணிப் பண்ணித்தான் இடுப்பு உயரத்துல நிறுத்தி வெச்சிருக்காங்க. நடுநடுவுல நிக்கிற சில்வர் ஓக் மரம் நிழலுக்கு.

ஒரு டீ ஃபேக்டரிக்குள்ள போனோம். பறிச்சு வந்த கொழுந்தை நீளமான தொட்டியில பரப்பி, அடியில ஃபேன் போட்டு ராத்திரி முழுக்க வாட விடுறாங்க. அப்புறம் ரோலர்ல குடுத்து நசுக்கி, கிழிச்சு, சுருட்டுறாங்க. நம்ம டீக்கடை டீத்தூள் வர்ற 'சி.டி.சி' முறை இதுதான். பச்சை இலை காத்துபட்டுச் செம்பு நிறமா மாறுற இடத்துல நின்னா ஒரு வாசம் வரும் பாருங்க... ஆப்பிளை நறுக்கி வெச்ச மாதிரி! அதுக்கப்புறம் அடுப்புக் காத்துல காய வெச்சு, சலிச்சுத் தரம் பிரிக்கிறாங்க. நாலு கிலோவுக்கு மேல கொழுந்து போட்டாத்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். இலையை முழுசா சுருட்டுற 'ஆர்த்தடாக்ஸ்' முறையும் இங்க உண்டு. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் டீக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அதைப் பால் ஊத்தாமக் குடிக்கணும்னு அட்வைஸ் பண்ணினாங்க. குடிச்சேன். மனசு கேட்கலை, வெளிய வந்து இன்னொரு டீ பாலோட!

சாயங்காலம் ஒரு பேக்கரிக்குப் பின்பக்கம் கூட்டிட்டுப் போனான் வர்க்கி. சுவரோட சுவரா விறகு அடுப்பு. புளிக்க வெச்ச தாய் மாவைக் கொஞ்சம் எடுத்துப் புது மாவோட சேர்த்துப் பிசைஞ்சு, மடிச்சு மடிச்சுத் தட்டி அடுக்குறாங்க. அதான் அந்த அடுக்கடுக்கான மொறுமொறு. 2023-ல ஊட்டி வர்க்கிக்கும் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. சூடா ஒண்ணு எடுத்து நீட்டினா, நம்ம வர்க்கி வேணாங்கிறான். 'எனக்கு இது பிடிக்காதுடா'ன்னான். மூணு வருஷமா வர்க்கி சுமந்த பய சொல்ற டயலாக்கா இது!

நாம குடிக்கிற தண்ணி

மறுநாள் ஊட்டி. ஏரியைப் பஸ்ல இருந்தே பார்த்துக்கிட்டோம். அது இயற்கையான ஏரி இல்லைங்கிறது தெரியுமா? கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சலிவன், 1820-களில் வெட்ட வெச்சது.

1848-ல உருவான பொட்டானிக்கல் கார்டனுக்குள்ள நுழைஞ்சு மேல ஏறினா, தோடர் மந்து ஒண்ணு இருக்கு. பாதிப் பீப்பாயைக் கவுத்து வெச்ச மாதிரி தோடர் வீடு. குனிஞ்சு தவழ்ந்துதான் உள்ள போக முடியும், அவ்வளவு சின்ன வாசல். அவங்க போர்த்திக்கிற 'புத்துக்குளி'யில சிவப்பும் கறுப்புமா பூ வேலை. எந்த டிராயிங்கும் இல்லாம, துணியோட இழையை எண்ணி எண்ணியே போடுறாங்க. அது வீடு, மியூசியம் இல்ல. கேட்காம போட்டோ எடுக்காதீங்க.

ஊட்டின்னதும் நம்ம மூக்குக்கு வர்றது யூகலிப்டஸ் வாசம்தானே? அந்த மரம் இந்த ஊரே கிடையாது பாஸ். ஆஸ்திரேலியாவுல இருந்து விறகுக்காக வெள்ளைக்காரங்க கொண்டு வந்தது. சீகை மரமும் அப்படித்தான். இந்த மலையோட சொந்த உடம்பு, மேடெல்லாம் புல்வெளி, பள்ளத்துல சோலைக்காடு. மழைத் தண்ணியை ஸ்பாஞ்ச் மாதிரி பிடிச்சு வெச்சு, கோடையிலயும் கொஞ்சம் கொஞ்சமா விடுறது அந்த ரெண்டும்தான். அந்தப் புல்வெளியில பெரும்பகுதி இப்ப டீயாவும் யூகலிப்டஸாவும் காய்கறித் தோட்டமாவும் ஆயிடுச்சு. 'அதனால எனக்கென்ன?'னு கேட்டேன். வர்க்கி திருப்பிக் கேட்டான்... 'கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல நீ பக்கெட் பக்கெட்டா ஊத்திக் குளிக்கிறியே, பில்லூர்த் தண்ணி... அதுல பாதி எங்கிருந்து இறங்குதுன்னு நினைச்ச?' பவானியில வந்து சேர்ற குந்தா மலைத் தண்ணியைச் சொல்றான். பாதியோ கால்வாசியோ, அப்புறம் நான் வாயைத் திறக்கலை.

ஹட்டியில ஒரு சாப்பாடு

ஊட்டியில இருந்து கோத்தகிரிக்குப் பஸ். ஜன்னல் சீட் பிடிச்சுடுங்க. கோத்தகிரி பக்கத்துல கன்னேரிமுக்குல, சலிவன் 1819-ல கட்டின பங்களா இப்ப நினைவகமா இருக்கு. நீலகிரியில வெள்ளைக்காரங்க கட்டின முதல் வீடு. ஊட்டிக்கு அப்புறமாத்தான் போயிருக்கார்.

வர்க்கியோட ஸ்கூல் ஃபிரெண்ட் ஒருத்தன் படுகர். அவங்க ஊரை 'ஹட்டி'ன்னு சொல்றாங்க. வரிசையா ஒட்டிக்கிட்டு வீடுங்க, முன்னாடி பொது முற்றம். மதியச் சாப்பாடு அங்கதான். ராகிக் களியை உருண்டையா உருட்டி, நடுவுல குழி பண்ணி நெய் விட்டாங்க. அதுதான் 'ஹிட்டு'. தொட்டுக்க 'அவரெ உதக்க'ங்கிற அவரைக்கொட்டைக் குழம்பு. தோட்டத்து உருளைக்கிழங்கும் அதுலயே கிடக்குது. மெல்லக் கூடாது, குழம்புல புரட்டி முழுங்கணுமாம். நான் மென்னேன். வீடே சிரிச்சுது.

ஃபிரெண்டோட அப்பா சிறு விவசாயி. கொஞ்சம் நிலத்துல டீ. அவரே பறிச்சு ஃபேக்டரிக்கு அனுப்புறார். 'பச்சைத் தேயிலை விலை 1990-கள் கடைசியில விழுந்துச்சு தம்பி. அதுல இருந்து ஏறும், இறங்கும், எங்க கையில நிக்காது'ன்னார். மகன் பெங்களூருல வேலை தேடிட்டு இருக்கான். வர்ற வழியில பார்த்த எத்தனையோ பச்சைக் கம்பளத்துக்கு ஒரு சொந்தக்காரர் இப்படி மனக்கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பார்னு அப்பதான் உறைச்சுது.

மூணாவது கண்டிஷன்

சாயங்காலம் குன்னூருக்குத் திரும்புற பஸ்ஸுல ஏறினோம். மழை. பாதி வழியில ரோட்டுக்குக் குறுக்க பெரிய மரம் விழுந்து கிடக்கு. 'விடியணும்'னு டிரைவர் சீட்டைச் சாய்ச்சுட்டார். மூடுபனியில பக்கத்துல நிக்கிற ஆள் தெரியலை. வர்க்கி ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, 'சரி... வா. வீட்டுக்கே போயிடலாம். நடந்தா அரை மணி நேரம்'ன்னான்.

டார்ச் வெளிச்சத்துல தோட்டத்துக்குள்ள நடந்தோம். வழியில திடீர்னு கையைப் பிடிச்சு நிறுத்தினான். பத்தடி தூரத்துல டீச் செடிக்கு நடுவுல ஆள் உயரத்துக்குக் காட்டெருமை. அது எங்களைப் பார்த்துச்சு, நாங்க அதைப் பார்த்தோம். அதுவாப் போற வரைக்கும் நின்னோம். அவனுக்கு இது தினப்படி. ஸ்கூலுக்குப் போன வழியே இதுதானாம்.

வீடுன்னு சொன்னது லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழ வரிசையா எட்டு வீடு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரூம். தண்ணிக் குழாய் பொது. பால்கனின்னு ஓட்டினோமே... அப்படி ஒண்ணு இல்லவே இல்லை. வேலையும் எதுவும் நடக்கலை. அவனோட அம்மா அந்தத் தனியார் எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி பாட்டி.

'தேத்தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?'ன்னாங்க பாட்டி. எனக்கு ஒரு செகண்ட் புரியலை. டீயாம். இலங்கைப் பேச்சு. பால் கிடையாது, சர்க்கரை உள்ளங்கையில தனியா. கடிச்சுக்கிட்டே குடிக்கணும்.

அடுப்பு பக்கத்துல உட்கார்ந்து பாட்டி பேசினாங்க. பிறந்தது இலங்கையில, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல. அவங்க தாத்தா காலத்துலயே திருச்சிப் பக்கத்துல இருந்து அங்க டீ வேலைக்குப் போன குடும்பம். 1948-ல இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் வந்த சட்டத்துல மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்களுக்குக் குடியுரிமை இல்லைன்னு ஆயிடுச்சு. 1964 அக்டோபர் 30-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை வெச்சுக்கும்னு. நாம ஹிஸ்டரியில ரெண்டு மார்க்குக்குப் படிச்சிருப்போம். பாட்டிக்கு அது அவங்க அக்கா. கல்யாணமான அக்கா அங்க, இவங்களும் அப்பா அம்மாவும் இங்க. 'கோச்சி கிளம்புறப்ப ஸ்டேஷனே அழுதுச்சு'ன்னாங்க. ரயிலை 'கோச்சி'ங்கிறாங்க. தலைமன்னார், அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம்... கடைசியில நீலகிரி. பாட்டிக்கு அப்போ பதினஞ்சு வயசு.

திரும்பி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968-ல தேயிலைத் திட்டத்தை ஆரம்பிச்சது. அதுதான் பின்னால 'டான்டீ' ஆச்சு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரின்னு மலை முழுக்க இவங்க கை பட்ட தோட்டம் இருக்கு. தனியார் எஸ்டேட், காய்கறித் தோட்டம்னு போனவங்களும் நிறைய. நாம போட்டோ எடுக்கிற பச்சைக் கம்பளத்துல இவங்க இருந்தும், எந்த டூரிஸ்ட் போர்டுலயும் நான் இவங்களைப் பத்தி ஒரு வரி பார்க்கலை.

ராத்திரிக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும். மாவுல தேங்காய்ப்பூ போட்டுப் பிசைஞ்சு கல்லுல சுட்ட தடி ரொட்டி. சம்பலுக்குத் தேங்காய், காஞ்ச மிளகாய், சின்ன வெங்காயம், கருவாட்டுத் தூள் எல்லாத்தையும் இடிச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருந்தாங்க. 'அங்கன மாசிக் கருவாடு போடுவோம். இங்க நெத்திலிதான் கிடைக்குது. நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான் தம்பி, வர்றப்ப. இந்த வாசம் வந்தா மட்டும் அது ஞாபகம் வரும்'னாங்க பாட்டி. நான் அஞ்சு ரொட்டி சாப்பிட்டேன். வர்க்கி ஆறு.

படுத்ததுக்கு அப்புறம் இருட்டுல அவனே பேசினான். 'அம்மாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ். ரிட்டயர் ஆனா இந்த வீட்டைக் காலி பண்ணணும். தோட்டத்துல வேலை பார்க்கிற ஆள் இருந்தாத்தான் வீடு. பாட்டிக்கு எங்கயும் வர இஷ்டம் இல்ல. ஏற்கெனவே ஒரு தடவை எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க.' கொஞ்ச நேரம் கழிச்சு, 'அதுக்குள்ள எனக்கு வேலை கிடைச்சு, பக்கத்துலயே ஒரு வீடு பார்க்கணும்டா'ன்னான்.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் போட்டுப் படிக்கிறான்னு தலையணையால அடிச்சிருக்கேன் அவனை. என்ன சொல்றதுன்னு தெரியலை. 'அப்புறம் ஏன்டா வர்க்கி வாங்கிட்டு வர்ற?'னு மட்டும் கேட்டேன். 'ஊட்டிக்காரன் வர்க்கி கொண்டு வரலைன்னா, வீட்ல இருந்து என்ன கொண்டு வந்தன்னு கேட்பீங்க இல்ல?'

காலையில பாட்டி வாசல்ல நின்னு, பனி விலகின தோட்டத்தைக் காட்டி, எந்தச் சரிவு எந்த வருஷம் கவாத்து ஆச்சுன்னு சொன்னாங்க. அதே தோட்டத்தை நேத்து சாயங்காலம் பஸ்ல இருந்து மொபைல்ல படம் எடுத்திருந்தேன். இதை எழுதலாமான்னு வர்க்கிகிட்டயே கேட்டேன். 'எழுது. பேர் மட்டும் வேணாம்'ன்னான்.

இந்தத் தடவை ஹாஸ்டலுக்கு வர்க்கி வரலை. நியூஸ் பேப்பர்ல சுத்தின ரொட்டியும், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய சம்பலும் வந்துச்சு. ஃப்ளோரே கூடிடுச்சு. 'என்னடா இது புதுசா?'னு கேட்டவனுக்கு, நிமிர்ந்து பார்த்து வர்க்கி சொன்னான்: 'எங்க பாட்டி செஞ்சது. எஸ்டேட்ல, லைன் வீட்ல!'

பாட்டில் மூணு நிமிஷத்துல காலி. அவனுக்குப் புதுப் பேர் வைக்கணும்னு இப்ப ஃப்ளோர் மீட்டிங் போயிட்டு இருக்கு!

கிளம்பிட்டீங்களா? நோட் பண்ணிக்கோங்க!

* மலை ரயிலுக்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துடும். தேதி முடிவானதும் முதல் வேலையா டிக்கெட் போடுங்க. மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதிதான் பல்சக்கரம். அதைத் தவறவிடாதீங்க.

* 2024 மே 7-ல இருந்து சொந்த வண்டியிலயோ வாடகை வண்டியிலயோ போறவங்களுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கு. அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அது தேவையில்லை. மலைக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

* பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு மாவட்டத்துல தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்க.

* ஸ்வெட்டர், குடை ரெண்டும் வேணும். வெயில் அடிக்குதுன்னு குடையை ரூம்ல வெச்சுட்டுப் போனா, சரியா பஸ் ஸ்டாண்டுல மழை பிடிக்கும்.

* தோட்டத்துல காட்டெருமையைப் பார்த்தா செல்ஃபி வேண்டாம். அது போற வரைக்கும் நில்லுங்க. அதுக்குத்தான் அங்க சீனியாரிட்டி!

* முக்கியமா... கூடப் படிக்கிற ஃபிரெண்ட் யாராவது அந்த ஊர்க்காரனா இருந்தா, 'எந்த பாயின்ட் நல்லா இருக்கும்?'னு கேட்காதீங்க. 'உங்க வீட்ல என்ன சாப்பாடு?'னு கேளுங்க.